குட்டியின் நான்கு பாதமும் தரையில் இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் நாய்க் கண்காட்சி பற்றி ஒரு பக்கம் முழுக்கப் படங்கள் வெளியிட்டிருந்தீர்கள். இந்த விஷயத்துக்குப் பத்திரிகைகள் இடம் ஒதுக்குவது அபூர்வம் என்பதால் ஆசையோடு விரித்தேன். நடுவில் இருந்த பெரிய படத்தைப் பார்த்ததும் மனம் துணுக்குற்றது. ஏழெட்டு மாதம் இருக்கும் டால்மேஷன் குட்டி. கழுத்துக் கயிறு தாடையை ஒட்டி இறுகி, நேர் மேலே இழுக்கப்பட்டிருக்கிறது. முன்னங்கால்களில் விரல் நுனி மட்டும் தரையைத் தொடுகிறது. காது பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கண்ணோரத்து வெள்ளை பிறை போலத் தெரிகிறது, வால் வயிற்றுக்கடியில். படத்துக்குக் கீழே, ‘கம்பீரமாகப் போஸ் கொடுக்கும் குட்டி’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள்.

11 ஆண்டுகளாக லாப்ரடார் நாய்களை வளர்த்து ரிங்குக்கு, அதாவது கண்காட்சியில் நடுவர் நாய்களைப் பார்த்து மதிப்பிடும் களத்துக்கு, அழைத்துச் செல்கிறவள் நான். அந்தக் குட்டி பயந்துபோய் நிற்கிறது. உங்கள் புகைப்படக்காரரை நான் குறை சொல்லவில்லை. பழகாத கண்ணுக்கு நிமிர்ந்த கழுத்து அழகாகத்தான் தெரியும். கயிற்றைப் பிடித்திருந்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சுற்றி நிற்கும் என்னைப் போன்றவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் வாய்மூடி இருக்கிறோம்.

ரிங்கைப் பார்த்திராத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். நடுவர் முதலில் தள்ளி நின்று மொத்த உருவத்தைப் பார்ப்பார். பிறகு அருகில் வந்து பல்வரிசை, தலை, தோள், விலா, முதுகு, பின்னங்கால் என்று கையால் தடவிப் பார்ப்பார். ஆண் நாய் என்றால் இரண்டு விதைகளும் இறங்கியிருக்கின்றனவா என்றும் சோதிப்பார். சிறிய இனங்களுக்கு இதெல்லாம் மேஜை மேல் நடக்கும். அதன் பிறகு மெல்லோட்டம். எல்லாம் சேர்ந்து சில நிமிடம்தான். சர்வதேச நாய்கள் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ. விதிப்படி, குட்டிகளுக்கான போட்டிப் பிரிவான பப்பி வகுப்பு 6 மாதத்தில் தொடங்கி 9 மாதத்தில் முடிகிறது. ஆக, முன்பின் தெரியாத ஒருவர் உதட்டை விலக்கிப் பல்லைப் பார்ப்பதை ஆறு மாதக் குட்டி பொறுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு எப்போது, எப்படிப் பழக்குகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அதை நான் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டேன்.

என் முதல் நாய் பொன்னி. அவளுக்கு நாலரை மாதமானபோது அனுபவசாலியான பயிற்சியாளர் ஒருவர், “தினமும் பத்து முறை வாயைத் திறந்து பாருங்கள், முரண்டு பிடித்தால் விடாதீர்கள்” என்றார். சொன்னபடி செய்தேன். குட்டிக்குப் பால்பற்கள் 28. நான்காம் மாதவாக்கில் அவை விழத் தொடங்கி, ஏழாம் மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் முளைக்கும். ரிங்குக்கு அவசரமாகப் பழக்கும் மாதங்களும் ஈறு ரணமாக இருக்கும் மாதங்களும் ஒன்றேதான். பொன்னி கடித்துக்கொண்டிருந்த துணிப் பொம்மையில் காசளவு ரத்தத் திட்டு இருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்த பிறகும் மறுநாள் காலை அவள் உதட்டை விலக்கினேன். முகத்தைத் திருப்பினாள். தாடையை அழுத்திப் பிடித்தேன். மூன்றாவது வாரத்தில் அவள் முரண்டு பிடிப்பதை நிறுத்திவிட்டாள். பழகிவிட்டாள் என்று மகிழ்ந்தேன்.

ஆறரை மாதத்தில் முதல் கண்காட்சி. நடுவர் குனிந்து கையை நீட்டினார். பொன்னி பின்வாங்கவில்லை, உறுமவில்லை. அப்படியே தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டாள். அவளுக்கடியில் ஈரம் பரவியது. அந்த நடுவர் நல்ல மனிதர். முழங்காலிட்டு உட்கார்ந்து, கையைத் திருப்பி வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார். பலனில்லை. அன்றோடு ரிங்குக்குப் போவதை விட்டுவிட்டோம். அதற்கப்புறம் ஓராண்டு வரை, வீட்டில் நான் கொஞ்சுவதற்காகக் கையை முகத்தருகே கொண்டுபோனாலும் அவள் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். அந்த மூடிய கண்களை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்த குட்டி மாறன் வந்தபோது எல்லாவற்றையும் மாற்றினேன். மூன்று வாரம் முதல் ஏறத்தாழ பதினான்கு வாரம் வரை குட்டியின் மனம் புதியவற்றை எளிதில் ஏற்கும். தடுப்பூசிகள் முடியும் வரை தரையில் விடாமல், கையில் தூக்கிக்கொண்டே மனிதர்கள், வாகனங்கள், ஒலிபெருக்கி, குடை என்று காட்டினேன். உதட்டை ஒரு நொடி தொடுவேன், ஈரல் துண்டு ஒன்று தருவேன், அவ்வளவுதான். அவன் முகத்தைத் திருப்பினால் அன்றைக்கு அது முடிந்தது. பல் விழும் வாரங்களில் வாய்ப் பக்கமே போகவில்லை. தோளையும் முதுகையும் பலர் தடவப் பழக்கினேன்.

நிற்பதற்குப் பழக்குவது பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான வீடுகளில் குட்டிக்கு முதலில் கற்றுத் தருவது ‘உட்கார்’. பிறகு அது ரிங்கில் தின்பண்டத்தைக் கண்டதும் உட்கார்ந்துவிடுகிறது. உடனே உரிமையாளர் வயிற்றைப் பிடித்துத் தூக்குகிறார், கயிற்றை இழுக்கிறார். குட்டி என்ன பிழை செய்தது? மாறனுக்கு முதலில் ‘நில்’ கற்றுத் தந்தேன். அவன் மூக்குக்கு நேராகத் தின்பண்டத்தைப் பிடித்து, நான்கு காலும் ஊன்றி நின்ற கணத்தில் கொடுப்பேன். தின்பண்டம் மூக்கை விட உயரப் போனால் பின்புறம் தானாகத் தாழ்ந்துவிடும். ஒரு தடவைக்கு இரண்டு நிமிடம், நாளுக்கு மூன்று தடவை. அதற்கு மேல் ஒரு நொடியும் இல்லை.

இறுக்கிய கயிறு குட்டியின் மனதைக் கெடுப்பதோடு நிற்பதில்லை, நடுவரையும் ஏமாற்றுகிறது. மெல்லோட்டத்தில் எதிரெதிர் மூலைக் கால்கள் ஜோடியாக நகரும். முன்னங்கால் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பதில்தான் தோளின் அமைப்பு தெரியும். கழுத்தைத் தூக்கிப் பிடித்தால் முன்புறத்தின் பாரம் கயிற்றுக்குப் போய்விடுகிறது. கால் எட்டி வைப்பதற்குப் பதில் காற்றில் துழாவுகிறது. உண்மையான நடையை அப்போது யாரும் பார்க்க முடியாது. குறையுள்ள தோளை மறைப்பதற்காகவே இப்படிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

1859-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் பாயின்டர், செட்டர் வேட்டை நாய்களை வைத்து அந்நாட்டின் முதல் முறையான கண்காட்சி நடந்ததாகச் சொல்வார்கள். காலப்போக்கில், எந்த நாயிடமிருந்து அடுத்த தலைமுறையை எடுக்கலாம் என்று பார்க்கும் இடமாகக் கண்காட்சி ஆயிற்று. அதில் குணமும் அடக்கம். எஃப்.சி.ஐ. வெளியிடும் இனத் தர நிர்ணயங்களில் தகுதி நீக்கக் குறைகள் என்ற தலைப்பின் கீழ், மூர்க்கமான நாயும் அளவுக்கு மீறிக் கூச்சப்படும் நாயும் இடம்பெற்றிருக்கின்றன. பிறவியிலேயே நல்ல குணமுள்ள குட்டியை நாமே அந்தப் பட்டியலுக்குள் தள்ளிவிடுவது எவ்வளவு பெரிய கொடுமை!

கண்காட்சி நடத்தும் அமைப்புகளுக்கு இதன் மூலம் இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். பப்பி வகுப்பில் மட்டுமாவது, குட்டியின் பல்வரிசையை உரிமையாளரே உதட்டை விலக்கிக் காட்ட அனுமதியுங்கள். கொரோனா காலத்தில் பல கண்காட்சிகளில் இப்படித்தான் நடந்தது. நடுவர்களின் வேலைக்கு எந்தக் குறையும் வரவில்லை. அடுத்து, கயிற்றைத் தளர்த்தி மறுபடி ஓட்டிக் காட்டுங்கள் என்று நடுவர்கள் உரக்கக் கேட்க வேண்டும். சில நடுவர்கள் கேட்கிறார்கள். கேட்கும்போது பார்வையாளர்கள் கைதட்டுங்கள்.

குட்டி வைத்திருப்பவர்களிடம் கேட்பது ஒன்றுதான். முதல் கண்காட்சிக்குப் பெயர் கொடுத்த காரணத்துக்காகவே போகாதீர்கள். அன்று காலை பல் ஆடிக்கொண்டிருந்தாலோ, வாசலிலேயே வால் தாழ்ந்துவிட்டாலோ, ரிங்குக்கு வெளியே பாயை விரித்து உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வையுங்கள். மாறனின் முதல் இரண்டு கண்காட்சிகள் அப்படித்தான் கழிந்தன. ஒன்பதாம் மாதம் நெருங்கும்போதுதான் உள்ளே போனான். நடுவர் குனிந்ததும் அவர் கையை முகர்ந்து பார்த்துவிட்டு வாலை ஆட்டினான். நான்கு பேரில் மூன்றாவதாக வந்தான். அந்த மஞ்சள் ரிப்பனை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கண்காட்சிக்கு உங்கள் புகைப்படக்காரர் வரும்போது பப்பி வகுப்பு முடியும்வரை ரிங் ஓரத்தில் காத்திருக்கச் சொல்லுங்கள். கயிறு தொய்ந்து, நான்கு பாதமும் தரையில் ஊன்றி, தன்னை அழைத்து வந்தவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும் குட்டி ஒன்று கட்டாயம் அகப்படும். அந்தப் படத்தைப் பெரிதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி