ரிஃபார்மருக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்

அன்புள்ள மகன் செந்திலுக்கு,

வீட்டில் பிலாட்டீஸ் பயிற்சி செய்வதற்காக வாங்க நினைக்கும் பொருள்களின் படங்களையும் விலைகளையும் அனுப்பியிருந்தாய், பார்த்தேன். மடக்கி வைக்கக்கூடிய ஒரு ரிஃபார்மர் (ஸ்பிரிங் விசையை எதிர்த்து நகரும் பலகை கொண்ட கருவி), பந்தும் வளையமும் ரப்பர் பட்டைகளும் அடங்கிய ஒரு செட், ஓராண்டுச் சந்தா கட்ட வேண்டிய ஒரு செயலி ஆகிய மூன்றையும் ஒரே மாதத்தில் வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். இத்தனை காலம் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பணத்தில் ஒரு பகுதியை நல்ல ஆசிரியர் ஒருவரிடம் நேரில் சில வகுப்புகள் கற்றுக்கொள்ளச் செலவழி. தரையில் விரிக்க ஒரு மேட்டும் ஒரு ரப்பர் பட்டையும் வாங்கிக்கொள். மற்றவற்றை அடுத்த ஆண்டு யோசிக்கலாம்.

கருவிகளின் மேல் எனக்கு வெறுப்பு ஒன்றும் கிடையாது. ஆனால் ரிஃபார்மரை உருவாக்கிய ஜோசப் பிலாட்டீஸே வீட்டில் பயில்கிறவர்களிடம் அதைக் கேட்கவில்லை என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். 1883-இல் ஜெர்மனியில் பிறந்து, பின்னாளில் நியூயார்க் நகரின் எட்டாவது அவென்யூவில் மனைவி கிளாராவுடன் பயிற்சிக்கூடம் நடத்திய அவர், இன்று பிலாட்டீஸ் என்று வழங்கும் தம் பயிற்சிமுறைக்குக் ‘கண்ட்ராலஜி’ என்று பெயர் வைத்திருந்தார். 1945-இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் இருக்கும் 34 பயிற்சிகளுக்கும் தரையில் ஒரு விரிப்பு இருந்தால் போதும். அறுபதைத் தொட்ட வயதில் அவரே செய்து காட்டிய படங்கள் அதில் இருக்கின்றன.

அதற்காக அந்தப் புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்திலிருந்து செய்யத் தொடங்கிவிடாதே. அதில் மூன்றாவதாக வரும் ‘ரோல் ஓவர்’, மல்லாந்து படுத்துக் கால்கள் இரண்டையும் தலைக்கு மேலாகப் பின்னால் கொண்டுபோகும் பயிற்சி. உடலின் பாரம் தோளுக்கும் கழுத்துக்கும் போய்விடும். கீழ் முதுகில் டிஸ்க் லேசாகத் துருத்தியிருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கும் உனக்கு, முதுகை வளைத்து உருட்டும் எந்தப் பயிற்சியும் இப்போதைக்கு ஆகாது. படுத்துச் செய்யும்போது முதுகை முழுவதும் தரையோடு அழுத்தச் சொன்னார் பிலாட்டீஸ். இன்றைய ஆசிரியர்களில் பலர் இடுப்பின் இயல்பான வளைவைக் காக்கச் சொல்கிறார்கள். இரண்டில் எது உனக்குப் பொருந்தும் என்பதை உன்னைப் படுக்கவைத்துப் பார்க்கிற ஒருவர்தான் சொல்ல முடியும்.

ஆசிரியரைத் தேடும்போது பெயர்ப்பலகையை நம்பாதே. ‘பிலாட்டீஸ்’ என்பது ஒரு பயிற்சிமுறையின் பொதுப்பெயர்தான், யாருக்கும் உரிய வணிகக் குறி ஆகாது என்று நியூயார்க்கிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. வார இறுதி வகுப்பு ஒன்றை முடித்தவரும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். தரைப்பயிற்சியும் எல்லாக் கருவிகளும் சேர்ந்த, 450 மணி நேரத்துக்கும் மேற்பட்ட பயிற்சியை முடித்தவரும் போட்டுக்கொள்ளலாம். ஆகவே எங்கே படித்தீர்கள், எத்தனை மணி நேரம், முதுகு வலியோடு வருகிறவர்களுக்குக் கற்பித்திருக்கிறீர்களா என்று மூன்று கேள்விகளைக் கூச்சப்படாமல் கேள். உன் ஸ்கேன் அறிக்கையைக் காட்டியதும் எதைச் செய்யக் கூடாது என்பதிலிருந்து பேச்சைத் தொடங்குகிறவரிடம் தயங்காமல் சேரலாம்.

வீடியோக்களைப் பொறுத்தவரை, செயலியானாலும் யூடியூப் ஆனாலும் என் அளவுகோல் ஒன்றுதான். ‘ஹண்ட்ரட்’ என்ற பயிற்சியை அவர்கள் எப்படிக் கற்பிக்கிறார்கள் என்று பார். மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் தூக்கி, கால்களை நீட்டி, கைகளை மேலும் கீழும் சிறிதாக அசைத்தபடி, ஐந்து எண்ணிக்கைக்கு மூச்சை இழுத்து ஐந்து எண்ணிக்கைக்கு விடுவதைப் பத்து முறை செய்வதால்தான் அதற்கு அந்தப் பெயர். எதையும் விளக்காமல் நேரே நூறு எண்ணத் தொடங்குகிற வீடியோவை மூடிவிடு. கழுத்து வலித்தால் தலையை இறக்கிவிடலாம், முதுகு தரையைவிட்டு வளைந்தால் முழங்காலை மடக்கிக்கொள்ளலாம், மூச்சு வயிற்றை உப்பவைக்காமல் விலாப்பக்கம் விரிய வேண்டும் என்றெல்லாம் சொல்லி, உடம்பைப் பக்கவாட்டிலிருந்து காட்டுகிறவர் கற்பிக்கத் தெரிந்தவர். இசையும் கடற்கரையும் பின்னணியில் இருந்தால்தான் பயிற்சி ஓடும் என்று உனக்குத் தோன்றினால் அது உன் விருப்பம். எனக்கு அவை எரிச்சலைத்தான் தருகின்றன. இலவசச் சோதனைக் காலம் தராத செயலிக்கு ஓராண்டுச் சந்தா கட்ட வேண்டாம்.

விலா விரிவதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். ஒரு துப்பட்டாவை முதுகுப்பக்கமிருந்து மார்புக்குக் கீழே விலாவைச் சுற்றிக் கொண்டுவந்து, முடிச்சுப் போடாமல் முன்பக்கம் குறுக்காக மாற்றி, இரு முனைகளையும் இரண்டு கைகளிலும் லேசாக இழுத்துப் பிடி. மூச்சை இழுக்கும்போது துணி இரு பக்கமும் இறுக வேண்டும், விடும்போது தளர வேண்டும். முதல் வாரம் இதை மட்டும் செய்தாலும் நேரம் வீணாகாது.

இனி மேட். கடைகளில் யோகா மேட் என்று கிடைப்பது பெரும்பாலும் நான்கு முதல் ஆறு மில்லிமீட்டர் கனம்தான். நின்று செய்யும் ஆசனங்களுக்குக் கால் வழுக்காத அந்த மெல்லிய மேட் பொருத்தமானது. பிலாட்டீஸில் பெரும்பாலான நேரம் முதுகின் மேலும் பக்கவாட்டிலும் படுத்திருப்பதால், பத்து மில்லிமீட்டருக்குக் குறையாத மேட் வேண்டும். உங்கள் வீட்டின் டைல்ஸ் தரைக்கு இது மிகவும் அவசியம். கடைக்கு நேரில் போய், மேட்டின் மேல் பக்கவாட்டில் படுத்துப் பார். இடுப்பெலும்பு தரையை உணர்ந்தால் அது வேண்டாம். அதே சமயம் கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து மெதுவாக எழும்பும் மெத்தைபோன்ற நுரையும் வேண்டாம், ஏனென்றால் அதில் கைகளை ஊன்றினால் மணிக்கட்டு அமிழ்ந்து வலிக்கும். உன் உயரத்துக்கு 180 சென்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். ஜமக்காளத்தை மடித்துப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். டைல்ஸில் அது நகரும், வேண்டாம்.

பட்டை வாங்கும்போது வளையமாக இருக்கும் குட்டைப் பட்டையைத் தவிர்த்து, ஒன்றரை மீட்டருக்குக் குறையாத தட்டையான நீளப் பட்டையாக வாங்கு. நிறத்தை வைத்து இறுக்கத்தைக் கணிக்காதே, கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். லேசானதே போதும். ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் பிடித்து விரிசல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பாதத்தில் மாட்டு, ஏனென்றால் அறுந்தால் முகத்தில்தான் வந்து அடிக்கும். பந்தும் வளையமும் ஃபோம் ரோலர் என்கிற நுரை உருளையும் இல்லாமலே முதல் ஆறு மாதங்கள் ஓடிவிடும்.

ரிஃபார்மரைப் பற்றி ஒன்று மட்டும். பயிற்சிக்கூடங்களில் இருப்பது ஏறக்குறைய இரண்டரை மீட்டர் நீளமானது. ஏறி இறங்கவும் கை கால்களை விரிக்கவும் சுற்றிலும் இடம் வேண்டும். விலை குறைந்த மடக்கு ரகங்கள் சிலவற்றில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் கயிறுதான் இருக்கிறது. ஸ்பிரிங்கைக் குறைத்தால் பயிற்சி எளிதாகிவிடும் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். சில பயிற்சிகளில் தாங்கிப் பிடிக்கும் விசை குறைவதால் வயிற்றுத் தசைக்கு வேலை கூடிவிடும், நகரும் பலகை வழுக்கிக்கொண்டும் போகும். பக்கத்தில் ஆள் இல்லாமல் அதில் கற்றுக்கொள்ளத் தொடங்குவது உன் முதுகுக்கு நல்லதல்ல.

மீனாவும் உன்னோடு சேர்ந்து செய்ய ஆசைப்படுகிறாள் என்று எழுதியிருந்தாய். குழந்தை பிறந்து நான்கு மாதம்தான் ஆகிறது. வயிற்றின் நடுக்கோட்டில் தசைகள் விலகியிருக்கின்றனவா என்று மகப்பேறு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ பார்த்த பிறகு அவள் தொடங்கட்டும். அதுவரை தலையைத் தூக்கும் பயிற்சிகள் அவளுக்கு வேண்டாம். உங்கள் இருவருக்கும் ஒரே வீடியோ பொருந்தும் என்று எண்ணிவிடாதே.

நேர்வகுப்பு நான்கைந்து முடிந்ததும், கைபேசியைத் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் முக்காலியின் மேல் வைத்து, நீ பயிற்சி செய்வதைப் பக்கவாட்டிலிருந்து படம் பிடித்து எனக்கு அனுப்பு. முகம் தெரிய வேண்டியதில்லை, விலாவிலிருந்து முழங்கால் வரை தெரிந்தால் போதும். ரிஃபார்மர் விற்பவரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று நாளைக்கே சொல்லிவிடு.

இப்படிக்கு,
அம்மா