மாத்திரை எதற்கென்று பிள்ளையிடம் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

எச்.ஐ.வி. தொற்றுள்ள குழந்தைகளுக்கென 2006-ஆம் ஆண்டிலேயே தனித் திட்டம் வந்துவிட்டது. அரசு மையங்களில் கூட்டு மருந்து சிகிச்சை இலவசம். ஆனாலும் வட சென்னையில் நான் செவிலியராகப் பழகிய குடும்பங்களில், அந்த மருந்தைப் பிள்ளை நாள் தவறாமல் விழுங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது.

குழந்தையின் உடல் வேகமாகத் தேறும். நெஞ்சுக்கூட்டில் உள்ள தைமஸ் சுரப்பி அந்த வயதில் நன்றாக இயங்குவதால், நோய் எதிர்ப்புக்கான சி.டி.4 அணுக்கள் புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கும். ஓயாத இருமலும் வயிற்றுப்போக்குமாகக் கிடந்த குழந்தை, சில மாதங்களில் எடை கூடித் தெருவில் ஓடியாடுவதைப் பார்க்கும் மகிழ்ச்சிக்கு ஈடே இல்லை. 'நன்றாகத்தானே இருக்கிறான்' என்று வீட்டார் அசந்துபோவதும் அப்போதுதான். மருந்து தவறினால் முதலில் ஏறுவது ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு, சி.டி.4 இறங்குவது பிறகுதான். பிள்ளை தெம்பாக இருக்கும்போதே வைரஸ் பெருகி, அதே மருந்துக்கு அடங்காததாக மாறிவிடக்கூடும். ஆகவே சி.டி.4 எண்ணோடு நிம்மதி அடையாமல், வைரஸ் அளவுப் பரிசோதனை எப்போது என்று மையத்தில் கேளுங்கள். எடை கூடக் கூட மருந்தின் அளவும் மாறும் என்பதால், பிள்ளையை நேரில் அழைத்துப் போவதும் அவசியம்.

சத்து மாத்திரை என்றும் ஆஸ்துமா மாத்திரை என்றும் சொல்லி வளர்த்த பிள்ளை, பன்னிரண்டு பதின்மூன்று வயதில் 'எனக்குத்தான் ஒன்றுமில்லையே' என்று நிறுத்திவிடுகிறது. சன்னல் வழியாக எறிந்த பிள்ளைகளும் உண்டு. அதற்காக அடிப்பது கொடுமை. காரணம் தெரியாத மருந்தை ஆயுள் முழுக்க யார்தான் சாப்பிடுவார்கள்? பள்ளி வயதிலேயே, பக்குவத்துக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாக உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வழிகாட்டியது. ஆறு வயதுக் குழந்தைக்கு, 'உன் ரத்தத்தில் ஒரு கிருமி இருக்கிறது, இந்த மாத்திரை அதைத் தூங்க வைக்கிறது' என்றால் போதும். கிருமியின் பெயரைப் பிறகு சொல்லலாம்.

வீட்டார் மறைப்பதில் எனக்குக் கோபமில்லை. காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், பொதுவான குழாயடி. பிள்ளை விளையாட்டாய் வெளியே சொல்லிவிட்டால் என்ன ஆகும்? பெற்றோரை இழந்த பிள்ளையைப் பாட்டி வளர்க்கும் வீடுகளில், செத்துப்போன மகளைப் பற்றி ஊர் பேசுமே என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. தொற்றைக் காட்டிப் பள்ளியில் பாகுபாடு செய்வதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. எத்தனை தலைமையாசிரியர்களுக்கு இது தெரியும்?

இவ்வளவு பாரத்தையும் அந்தப் பாட்டி தலையில் ஏற்றக் கூடாது. பிள்ளைகளிடம் பேசுவதற்கென்றே பயிற்சி பெற்ற ஆலோசகரை ஒவ்வொரு சிகிச்சை மையத்திலும் அரசு அமர்த்த வேண்டும். பள்ளி விடுமுறையான சனிக்கிழமையைப் பிள்ளைகளுக்கென ஒதுக்கினால், மருந்து வாங்கும் ஒவ்வொரு முறையும் விடுப்புக் கடிதத்தில் ஒரு பொய்க் காரணம் எழுத வேண்டியிருக்காது.

ஓய்வுபெற்ற செவிலியர்,
தண்டையார்பேட்டை, சென்னை.