தோல் உரிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டிரு

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் பையன் எடுத்த படங்களும் வந்து சேர்ந்தன. அக்கா மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். லண்டன் குளிருக்கு அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லையே. இங்கே எல்லோரும் சுகம். சரி, சிலந்திக்கு வருகிறேன். பையன் வளர்க்கும் சிலந்தி சாப்பிடாமல், வயிறு கறுத்துக் கிடக்கிறதே, நோயா என்று கேட்டிருந்தாய்.

படத்தைப் பார்த்தால் நோய் மாதிரித் தெரியவில்லை. தோல் உரிக்கப் போகிறது, அவ்வளவுதான். உங்களுடைய மெக்சிகோ சிவப்பு முட்டி டரான்டுலா (மயிர் அடர்ந்த பெரிய சிலந்தி வகை) வயிற்றின் மேல் மயிரை உதிர்த்துவிட்டால் அந்த வழுக்கை சாதாரணமாக வெளிர்நிறமாக இருக்கும். உன் படத்தில் அது கன்னங்கரேலென்று மினுமினுக்கிறது. உள்ளே புதுத்தோலில் முளைத்த கருமயிர்தான் பழைய தோல் வழியே அப்படித் தெரிகிறது. சாப்பாட்டை ஒதுக்குவதும் இதனால்தான். இந்த இனத்துக்கு இது வாரக்கணக்கில் போகும், வளர்ந்ததற்கு மாதக்கணக்கிலும் போகலாம். வயிறு உருண்டையாக இருக்கும்வரை பட்டினியைப் பற்றிக் கவலைப்படாதே.

செய்ய வேண்டியதெல்லாம் இப்போதே செய்துவிடு. உரிக்கத் தொடங்கிய பிறகு உனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. முதலில் இரைக்காகப் போட்டுப் பெட்டியில் திரியும் கிரிக்கெட் பூச்சி ஒன்றுவிடாமல் வெளியே எடு. தோல் உரித்த சிலந்தி உடம்பெல்லாம் பஞ்சு மாதிரி மெத்தென்று கிடக்கும். பசித்த பூச்சி அதைக் கடித்துத் தின்றுவிடும். தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்கட்டும். பழைய தோலுக்கும் புதியதற்கும் நடுவில் ஊறும் நீர்தான் இரண்டையும் பிரிக்கிறது. உடம்பில் ஈரம் குறைந்தால் கால் பாதியில் சிக்கும். உங்கள் ஊரில் குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடுவதால் காற்று வறண்டிருக்கும். கிண்ணத்தைக் கொஞ்சம் வழியவிட்டு மண்ணின் ஒரு மூலையை மட்டும் நனைத்து வை. சிலந்தி மேல் தண்ணீர் தெளிக்கிற வேலை வேண்டாம், அது சிலந்தியைக் கலவரப்படுத்துவதோடு சரி. பெட்டியின் அடியில் ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு) வைத்திருந்தால் எடுத்துவிடு. மண்ணுக்கும் மூடிக்கும் இடையே உள்ள உயரம், கால் விரித்த சிலந்தியின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போகக் கூடாது. இந்த நேரத்தில் விழுந்தால் வயிறு வெடித்துவிடும். அதற்கு வைத்தியமே கிடையாது.

ஒருநாள் அது வலையால் மெல்லிய பாய் ஒன்று நெய்து அதன்மேல் மல்லாக்கப் படுக்கும். செத்துவிட்டது என்று நினைத்துப் புரட்டிப் போடுகிறவர்கள் நிறைய. சாகிற சிலந்தி பெரும்பாலும் மல்லாக்கப் படுப்பதில்லை, குப்புற இருந்தபடியே எட்டுக் காலையும் அடியில் மடித்துக்கொள்ளும். காரணம், காலை நீட்ட அதற்குத் தசை போதாது. இரத்த அழுத்தத்தால்தான் நீட்டுகிறது. அழுத்தம் போனால் கால் தானாக மடங்கிவிடும்.

உரிப்பதும் அதே அழுத்தத்தால்தான். வயிற்றிலிருந்து இரத்தத்தை முன்பக்கம் தள்ளும். முதுகு ஓட்டின் விளிம்பு விண்டு மூடிபோலத் தூக்கும். பிறகு எட்டுக் கால்கள், முன்னுள்ள இரண்டு உணர்கால்கள், நச்சுப்பற்கள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். இரையை உறிஞ்சி இழுக்கும் வயிற்றுப் பையின் உள்தோலும் நுரையீரலின் உள்தோலும்கூட சேர்ந்தே கழன்று வரும். குட்டிக்கு அரை மணி நேரம் போதும், பெரியதற்குப் பல மணி நேரம் ஆகும். நடுவில் அசையாமல் கிடந்தால் ஓய்வெடுக்கிறது என்று அர்த்தம். பெட்டியைத் தட்டாதே, டார்ச் அடிக்காதே.

ஒரு நாள் தாண்டியும் கால் சிக்கியே கிடந்தால் மட்டும் தலையிடலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு கிளிசரின் கலந்து, மெல்லிய ஓவியத் தூரிகையால் சிக்கிய இடத்தை மட்டும் நனை. வயிற்றின் அடியில் தெரியும் நான்கு வெளிர் திட்டுகளில் ஈரம் படவே கூடாது. அவைதான் நுரையீரல். இழுக்காதே. கால் தானே கழன்று விழுந்தாலும் பயமில்லை. அடுத்த உரிப்பில் மெலிதாக முளைக்கும், இரண்டு மூன்று உரிப்புக்குள் பழைய அளவுக்கு வந்துவிடும்.

உரித்து முடித்ததும் சாப்பாடு போடத் தோன்றும். பொறு. நச்சுப்பல் முதலில் பால்வெள்ளையாக இருக்கும், பிறகு சிவக்கும், கடைசியில் கறுக்கும். நன்றாகக் கறுக்கும் முன்பே இரை கொடுத்தால் பல் வளைந்துவிடும் அல்லது உடையும். உங்களுடையதன் அளவுக்கு ஒரு வாரம், பெரியது என்றால் இரண்டு வாரம். நாள் கணக்கை நம்புவதைவிடப் பல்லைப் பார்ப்பதே மேல். முதல் இரை வயிற்றைவிடச் சிறிய பூச்சியாக, தலை நசுக்கியதாக இருக்கட்டும். மறுநாள் வரை தொடவில்லை என்றால் எடுத்துவிடு.

பையன் அடுத்து நீலச் சிலந்தி கேட்கிறான் என்று எழுதியிருந்தாய். அது நம் பக்கத்துச் சரக்கு. ஆந்திராவின் குத்தி ரயில் நிலைய மரக்கிடங்கில் கிடைத்ததை வைத்து 1899-இல் பெயரிட்டார்கள். அழகு என்னவோ அழகுதான். ஆனால் மின்னல் வேகம், கடித்தால் நாள்கணக்கில் தசைப்பிடிப்பு. பத்து வயதுப் பையனுக்கு வேண்டாம்.

உரித்த தோலைத் தூக்கிப் போட்டுவிடாதே. சிலந்தி அதைவிட்டு நகர்ந்த பிறகு நீண்ட இடுக்கியால் எடு. அதிலும் அரிப்பு மயிர் ஒட்டியிருக்கும், ஊதாதே, அந்தக் கையால் கண்ணைத் தொடாதே. வெந்நீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டு ஊறவைத்தால் வயிற்றுப் பகுதி விரியும். மேல் இரண்டு நுரையீரல் திட்டுகளுக்கு நடுவே உட்பக்கம் அகலமான மடிப்பு ஒன்று எழுந்து நின்றால் பெண், இருபது வருஷத்துக்கு மேல் உங்களோடு இருக்கும். இல்லையென்றால் பெரும்பாலும் ஆண். அந்த இடத்தை மட்டும் வெளிச்சத்தில் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
இராமு