அந்த மெஷின பெட்டில வைக்காத

கண்ணா,

ஞாயித்துக்கிழமை நான் அனுப்புன மெசேஜுக்கு வெறும் கட்டவிரல காட்டிட்டு விட்டுட்ட. பரவால்ல, பேக்கிங் வேலையில இருந்திருப்ப. போன்ல சொன்னா "சரிம்மா சரிம்மா"ன்னு வச்சிடுவ, அதான் உக்காந்து டைப் பண்றேன், ஒத்த விரல்ல, தப்பு இருந்தா சிரிக்காத. அப்பாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, கருப்பு கண்ணாடி போட்டுட்டு ஹால்ல உக்காந்து ரேடியோ கேக்கறாரு, சொட்டு மருந்து மட்டும் நேரத்துக்கு விடணும். இங்க விஷயம் அவ்ளோதான்.

ட்ரிப்புக்கு எல்லாம் எடுத்து வச்சாச்சா? எடை பாக்கற மெஷினும் பெட்டிக்குள்ள போகுதுன்னு கேள்விப்பட்டேன். யார் சொன்னான்னு கேக்காத, அவகிட்ட போய் சண்டை போடாத, அவ சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா, நானும் சிரிச்சேன், போன வச்சப்புறம்தான் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. டேய், அந்த கண்ணாடி மெஷினே ரெண்டு கிலோ இருக்கும், நீ கொறச்சத எல்லாம் லக்கேஜ்ல ஏத்தப்போறியா?

கோச்சுக்காத. 98ல இருந்து 84, பதினாலு கிலோ, பத்து மாசத்துல, யாரும் சொல்லாம நீயா பண்ணுன. பாக்கறவங்க எல்லார்கிட்டயும் சொல்றேன், எத்தனை தடவ சொல்லுவன்னு உங்கப்பாவே கேட்டுட்டாரு. உன் தங்கச்சிகிட்ட கூட அண்ணன பாத்து கத்துக்கோன்னு சொன்னேன், அவ போன கட் பண்ணிட்டா, அது வேற கதை. ஆனா போன வாரம் வீடியோ கால்ல உன் கன்னம் ரெண்டும் உள்ள போன மாதிரி இருந்துச்சு, லைட்டு அப்படியோ என்னவோ.

இப்ப கணக்குக்கு வரேன், முப்பது வருஷம் கணக்கு எழுதினவ நான், இதுலயாவது நான் சொல்றத கேளு. எடை ஏறாம எறங்காம இருக்க ஒரு நாளைக்கு 2300 கலோரி வேணும்னு நீதான் சொன்ன, இப்ப சாப்பிடறது 1800, தினம் ஐநூறு கம்மி. ஒரு கிலோ கொழுப்புன்னா சுமாரா 7700 கலோரி. ஏழு நாள் ட்ரிப்ல நீ 1800ஐ மறந்துட்டு நிம்மதியா 2300 சாப்பிட்டா 3500 கலோரி கொறையாம நிக்கும், அரை கிலோ கூட இல்ல, அதுவும் ஏறாது, எறங்க வேண்டியது ஒரு வாரம் தள்ளிப்போகும். கடைக்கு ஒரு வாரம் லீவு விட்டா வருமானம் இல்லன்னுதான் எழுதுவோம், கடையே முழுகிப்போச்சுன்னு யாராவது எழுதுவாங்களா?

இதுக்குப்போய் இந்த வாரம் 1400ன்னு எறக்கிட்டியாமே, ட்ரிப்புக்கு அட்வான்ஸ் கட்டற மாதிரி. அது வேண்டாம்டா. இங்க கட்டுன அட்வான்ஸ அங்க போய் மொத நாள் ராத்திரியே வட்டியோட எடுத்துடுவ, உடம்பு அப்படித்தான். அங்க போயும் காலைல சாப்பிடாம ராத்திரிக்குன்னு சேத்து வைக்காத. காலைல ரெண்டு முட்டை சாப்பிடு. புரோட்டீன் வயித்துல இருந்தா மத்தியானம் வரைக்கும் கை அலையாது.

போன ட்ரிப்ல என்ன ஆச்சுன்னு நீ சொல்லல, எனக்கு தெரியும். நாலாவது நாள் எங்கயோ மெஷின்ல ஏறியிருக்க, ரெண்டு கிலோ கூடுதலா காட்டிருக்கு, அன்னிக்கு பூரா பச்சத்தண்ணியோட இருந்துட்டு, பாப்பா தண்ணில வெளையாட கூப்பிட்டதுக்கு எரிஞ்சு விழுந்திருக்க. ரெண்டு கிலோ கொழுப்பு ஏறணும்னா நாலு நாள்ல உன் 2300க்கு மேல 15,400 தின்னிருக்கணும். தின்னியா? இல்லல்ல. அது தண்ணிடா. கம்மியா சாப்பிட்டுட்டே இருந்தவங்க கொஞ்சம் மாவுச்சத்து சேத்து சாப்பிட்டா தசையிலயும் கல்லீரல்லயும் கிளைகோஜன், அதான் உடம்பு சேத்து வைக்கற சர்க்கரை, ரொம்பும், அது ஒவ்வொரு கிராமும் கூட மூணு கிராம் தண்ணிய பிடிச்சு வச்சுக்கும், வெளிச்சாப்பாட்டுல உப்பு தூக்கலா இருக்கும் அதுவும் தண்ணிய இழுக்கும், மணிக்கணக்கா உக்காந்து போனா காலும் வீங்கும், இதெல்லாம் சேந்துதான் மெஷின்ல தெரியும், வீட்டுக்கு வந்து எப்பவும் போல சாப்பிட்டா அதுவா வடியும். அத பாத்துட்டு ஒரு நாள் பட்டினி கெடந்தது தண்ணிக்கு போட்ட அபராதம்.

நெஜமா எவ்ளோ ஏறும்னா, ஜார்ஜியா பல்கலைக்கழகத்துல 2016ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, ஒண்ணுலருந்து மூணு வாரம் லீவுக்குப் போன 122 பேர எடை போட்டு பாத்திருக்காங்க, சராசரியா முன்னூறு கிராம் சொச்சம்தான். ஆனா பொய் சொல்லக்கூடாது, அந்த முன்னூறும் ஆறு வாரம் கழிச்சும் எறங்கலயாம். நடந்தது ஒண்ணும் கொறையல அவங்க, குடிச்சதுதான் வழக்கத்துக்கு ரெண்டு மடங்கு ஆயிருக்கு. நீ குடிப்பியா மாட்டியான்னு நான் கேக்கல, கேட்டதும் இல்ல. ஆல்கஹால் கிராமுக்கு ஏழு கலோரி, கூட ஜூஸ் ஊத்திக்கிட்டா அது தனி, இவ்ளோ தெரிஞ்சு வச்சுக்கோ. குழந்தைக்கு வாங்குற ஜூஸும் அப்படித்தான், பழமா குடு.

பஃபேல தட்ட எடுக்கறதுக்கு முன்னாடி வெறுங்கையோட ஒரு சுத்து சுத்திட்டு வா. என்னென்ன இருக்குன்னு பாத்துட்டு, உண்மையிலயே வேணுங்கறது மூணு நாலு மட்டும் எடு. வகை கூடக்கூட வயிறு ரொம்புனது தெரியாது, ஒண்ணு திகட்டுனா அடுத்தது புதுசா ருசிக்கும், அதுல ஒரு வாய் இதுல ஒரு வாய்னு போட்டுக்கிட்டு வர்றவன்தான் ஜாஸ்தி திங்கறான். சாலடுன்னு நம்பாத, மேல ஊத்தற எண்ணெய் ஒரு பெரிய ஸ்பூனுக்கே 120 கலோரி. ஸ்வீட் வேணும்னா ஒண்ணு எடுத்து உக்காந்து முழுசா தின்னு, பாதி பாதியா எட்டு எடுக்காத. ஒரு நாளைக்கு ஒரு வேளை நல்லா சாப்பிடு, மத்த ரெண்டு வேளை லேசா இருக்கட்டும். காலைல முட்டை.

வாட்ச்ச நம்பி சாப்பிடாத. "இன்னிக்கு 900 எரிச்சாச்சு"ன்னு காட்டும், அந்த 900ஐ தட்டுல போட்டுக்காத. 2017ல ஸ்டான்ஃபோர்டுல ஏழு வாட்ச்ச சோதிச்சாங்க, இதயத்துடிப்பெல்லாம் பெரும்பாலும் ஒழுங்கா காட்டிச்சு, கலோரில ரொம்ப சரியா இருந்ததே சராசரியா 27 சதவீதம் தப்பு, மோசமானது 93 சதவீதம். இப்படி ஒரு லெட்ஜர நான் குடுத்திருந்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிருப்பாங்க. நட, பாப்பா கையப் பிடிச்சுட்டு ஊர் சுத்திப் பாக்க நட, எத்தனை ஸ்டெப்ஸ்னு எண்ணாம.

இதெல்லாம் உனக்கே தெரியும். என்னை விட தெரியும். அப்புறம் எதுக்கு இவ்ளோ எழுதறேன்னு தோணுதுல்ல.

ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் நீ மொபைல்ல சமையல் வீடியோவா பாத்துட்டு இருக்கன்னும் சொன்னா. ஒரு மணி ரெண்டு மணி வரைக்கும். அவ அத ஜோக்காத்தான் சொன்னா, அடுப்பு பக்கமே வராத ஆளு கேக் செய்யறத பாக்கறாருன்னு. எனக்கு அந்த மினசோட்டா விஷயம் ஞாபகம் வந்துடுச்சு. 1944-45ல ஆன்செல் கீஸ்னு ஒரு விஞ்ஞானி, போருக்கு போக மாட்டோம்னு சொன்ன 36 ஆம்பளைங்கள வச்சு, ஆறு மாசம் பாதிப் பட்டினி போட்டு பாத்தாரு, அவங்க ஒத்துக்கிட்டுதான் வந்தாங்க. சாப்பாட்டுல அக்கறையே இல்லாதவங்க எல்லாம் சமையல் புஸ்தகம் வாங்கி சேக்க ஆரம்பிச்சுட்டாங்க, தட்ட நக்குனாங்க, ஒருத்தர் முகம் ஒருத்தருக்கு ஆகல. அவங்களுக்கு குடுத்ததே சுமாரா 1570 கலோரி. நீ 1400ல இருக்க. அவங்க ஒல்லியா இருந்து ஆரம்பிச்சாங்க, நீ 84 இருக்க, ரெண்டும் ஒண்ணு இல்லன்னு சொல்லுவ, சரிதான், நான் சும்மா சொன்னேன். முட்டை சாப்பிடு.

இன்னொண்ணு. போன வாரம் அதே வீடியோ கால்ல, நீ போன பாப்பாகிட்ட குடுத்துட்டு எழுந்து போயிட்டல்ல, அப்ப அவ ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டு இருந்தா. "பாட்டி, இதுல எத்தனை கலோரி சொல்லு"ன்னா. தெரியாதேடா கண்ணுன்னேன். "137"ன்னா. சரியாத்தான் சொல்லிருப்பா, உன் பொண்ணாச்சே. அப்புறம் கிண்ணத்த தள்ளி வச்சிட்டு பொம்மைய எடுத்து காட்டினா, பேசிட்டே இருந்தா, நான் அந்த கிண்ணத்தையேதான் பாத்துட்டு இருந்தேன், உருகி தண்ணியாயிடுச்சு, அவ திரும்பி பாக்கல. ஆறு வயசு.

உன்ன குத்தம் சொல்லல. எப்படி சொல்லுவேன், எனக்கு என்ன யோக்யதை இருக்கு.

உனக்கு ஒம்போது வயசுல போன ட்ரிப், மஞ்ச பெட்டி தொலைஞ்சு கெடச்சுதே அந்த ட்ரிப். அதுக்கு முந்தின ஒரு மாசமும் அங்க போயும் நான் வெள்ளரிக்காயும் காபியுமா ஓட்டினேன். பெரியப்பா வீட்டுல மாட்டிருக்கே, எல்லாரும் நான் அதுல எவ்ளோ அழகா இருக்கேன்னு சொல்லுவாங்களே, அந்த போட்டோ அப்ப எடுத்ததுதான். மூணாவது நாள் ராத்திரி நீங்கல்லாம் தூங்கினப்புறம், உங்களுக்குன்னு வாங்கி வச்ச பிஸ்கட் பாக்கெட்ட எடுத்துட்டு பாத்ரூமுக்குள்ள போனேன். குழாய தெறந்து விட்டேன். அப்பவும் கடிச்சா சத்தம் கேக்கும்னு ஒவ்வொண்ணா வாயில வச்சு ஊற வச்சு முழுங்கினேன், பாக்கெட் பூரா. தாழ்ப்பா சரியா விழல போல, நீ தூக்கக் கலக்கத்துல கதவ தள்ளிட்டு வந்து நின்ன. "போய் படு"ன்னு கத்துனேன். உனக்கு ஒண்ணுக்கு வந்துச்சு, அதுக்குத்தான் வந்த, அதக்கூட நான் கேக்கல.

காலைல பிஸ்கட் எங்கன்னு உங்கப்பா கேட்டாரு. நீ தின்னுருப்பன்னு நான் சொன்னேன். அதோட விட்டிருக்கலாம், "அதான் இப்படி ஊதிட்டு வரான்"ன்னும் சொன்னேன், அவர் சிரிச்சாரு, உன் தங்கச்சியும் சிரிச்சா. நீ என்னை ஒரு தடவ பாத்த. ஒண்ணும் சொல்லல. அன்னிக்கு மத்தியானம் பஃபேல நீ வெறும் பழம் எடுத்துட்டு வந்து உக்காந்த, புள்ளைக்கு பொறுப்பு வந்துடுச்சுன்னு நான் நெனச்சேன். பெருமைப்பட்டேன்டா.

இருவத்தொம்போது வருஷம் ஆச்சு, நீ யார்கிட்டயும் சொல்லல. எத்தனையோ சண்டை போட்டிருக்கோம், ஒரு சண்டையிலயும் நீ அத எடுக்கல. நீ மறந்திருப்பன்னு நெனச்சுட்டு இருந்தேன். அந்த ஐஸ்கிரீம் கிண்ணத்த பாத்தப்புறம் அப்படி நெனைக்க முடியல.

மெஷின வெளிய எடுத்து வை. திரும்பி வந்து பத்து நாள் கழிச்சு ஏறி பாத்துக்கோ, எங்கயும் ஓடிப்போகாது. பாப்பா முன்னாடி நம்பர் சொல்லாத, அவ கண்ணு முன்னாடி நீயும் ஒரு கிண்ணம் வாங்கி கடைசி வரைக்கும் சாப்பிடு, உன் 2300ல அதுக்கு எடம் இருக்கு, கணக்கு போட்டு பாத்துட்டேன். ராத்திரி தூக்கம் வரலன்னா வீடியோ பாக்காம எனக்கு போன் பண்ணு, எத்தனை மணியானாலும் பரவால்ல. காலைல முட்டை மறக்காத.

உங்கப்பாவுக்கு சொட்டு மருந்து நேரம் ஆயிடுச்சு. மருந்த விட்டுட்டு அஞ்சு நிமிஷம் கண்ண மூடிட்டு படுத்திருப்பாரு, அந்த அஞ்சு நிமிஷத்துல அவர்கிட்ட அந்த பிஸ்கட்ட யார் தின்னாங்கன்னு சொல்லிடறேன்.

அம்மா