கரியமில வாயுவுக்கு ஏது வடிகட்டி?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன இதழின் டீசல் கார் கட்டுரையில், 'சைலன்சரில் நல்ல வடிகட்டி பொருத்திவிட்டால் பழைய காரும் கரியமில வாயு விடாது' என்று ஒரு வரி. அச்சுக்குப் போகும் முன் ஒருத்தர்கூடவா படித்துப் பார்க்கவில்லை? வடிகட்டி பிடிப்பது கரித்தூளை. கரியமில வாயு அதில் நிற்காது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ வாயு வந்தே தீரும். டீசலின் எடையே ஒரு கிலோவுக்குக் கீழேதானே என்று உங்கள் கட்டுரையாளர் கேட்டால், மிச்சம் காற்றிலிருந்து சேரும் ஆக்சிஜன் என்று சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாததா என்ன.

ஆக, குறைவாக எரித்தால்தான் குறையும். என்னுடையது பிஎஸ் 3, அதாவது பழைய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டி. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்ததை, டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்து, ஏர் ஃபில்டர் மாற்றி, டயரில் காற்றைச் சரியாக வைத்து, நெடுஞ்சாலையில் 80ஐத் தாண்டாமல் ஓட்டி 18க்குக் கொண்டுவந்திருக்கிறேன். கிலோமீட்டருக்குச் சுமார் 180 கிராம் விட்ட வண்டி இப்போது 150 விடுகிறது. இதெல்லாம் என் மெக்கானிக் சொல்லிக்கொடுத்தது, உங்கள் 'நிபுணர்' அல்ல.

புகைச் சான்றிதழ் வாங்கினால் போதும் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். டீசல் வண்டிக்கு அங்கே பார்ப்பது புகையின் அடர்த்தியை மட்டும்தான். அதையும் எங்கள் பக்கத்து மையத்தில் குழாயைச் சைலன்சருக்குள் விடாமலே, நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துக் காசை வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுகிறார்கள். இதைப் பற்றி முன்பே எழுதிய கடிதம் உங்கள் குப்பைக்கூடையில் பத்திரமாக இருக்கும் என்று நம்புகிறேன். டீசல் குழாயில் காந்தம் மாட்டினால் மைலேஜ் கூடும் என்ற விளம்பரத்துக்கு மட்டும் அரைப்பக்கம் கிடைத்தது.

தெருவுக்குத் தெரு வேகத்தடை போட்டு, ஒவ்வொன்றிலும் பிரேக் அடித்துத் திரும்ப முதல் கியரில் கிளப்புவதில் எவ்வளவு டீசல் போகிறது என்று எப்போதாவது எழுதினீர்களா? பழைய வண்டியைத் தள்ளிவிட்டு மின்சாரக் கார் வாங்கு என்ற உபதேசத்துக்குக் குறைச்சலில்லை. பென்ஷனில் ஓடும் வீட்டில் யார் வாங்குவது, நீங்கள் வாங்கித் தருகிறீர்களா?

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். அந்த வரி தவறு என்று அடுத்த இதழில், அதே பக்கத்தில் இரண்டு வரி போடுங்கள். ராசிபலனுக்குக் கீழே பொடி எழுத்தில் வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய டீசல் கார்க்காரன்,
ஈரோடு.