எச்சரிக்கை ஒட்டினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். தொழிற்சாலை இரசாயனங்கள் பற்றிய தங்கள் ஞாயிறு தலையங்கம், கலன்களில் எச்சரிக்கையை முறையாக ஒட்ட வேண்டும் என்றது. சரி, ஒட்டுகிறார்கள். மலேசியாவின் 2013 இரசாயன விதிமுறைப்படி அது மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். படிப்பது யார்? பழைய தாளைக் கூழாக்கி வெளுக்கும் இயந்திரத்தில் பதினோரு ஆண்டு நின்றவன் நான். அதில் வெளுக்கச் சேர்க்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு பார்வைக்கு வெறும் தண்ணீர்தான். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவுவதை விட்டு வந்த முதல் மாதம், கையுறை கிழிந்திருந்ததைக் கவனிக்காமல் குழாய் மூட்டைத் திருகினேன். சற்று நேரத்தில் விரல் நுனிகள் சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்து, ஊசி குத்துவதுபோல் எரிந்தன. கூழுக்கு முன்னால் இவன் வெளுத்துவிட்டான் என்று ஷிஃப்டில் ஒரே சிரிப்பு. குழாயடிக்கு இழுத்துப்போய்க் கையை ஓடும் தண்ணீரில் பிடிக்கவைத்தவர் ஒரு நேப்பாளத் தொழிலாளி. எல்லாம் சைகையில்தான்.

புதிய ஆளை இயந்திரத்தில் விடுமுன், தமிழோ நேப்பாளியோ வங்காளமோ, அவருக்குப் புரியும் மொழியில் செய்துகாட்டிப் பழக்கினார்களா என்பதையும் அதிகாரிகள் சோதனைக்கு வரும்போது கேட்கட்டும். முதலாளியை அல்ல, அந்த ஆளையே.

முன்னாள் ஆபரேட்டர்,
சுங்கை சிப்புட்