கொத்தனாரிடம் கேட்ட 10,000 ரூபாய்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜாமீன் செய்தி வரும்போதெல்லாம் ஏதோ நீதிபதி இரக்கப்பட்டுக் கொடுத்த சலுகை மாதிரி எழுதுகிறீர்கள், அதுதான் உறுத்துகிறது. எந்தக் குற்றத்துக்கு ஜாமீன் உண்டு, எதற்குக் கிடையாது என்று இங்கிலாந்தில் 1275-லேயே சட்டம் போட்டார்கள், ஷெரீப்கள் (அரசரின் உள்ளூர் அதிகாரிகள்) இஷ்டத்துக்கு ஆடியதால். அப்புறம் ஜாமீன் உண்டு என்று சொல்லிவிட்டு யாராலும் கட்ட முடியாத தொகையைக் கேட்கும் தந்திரம் வந்தது, 1689-ல் அதற்கும் தடை.

நம் நாட்டில் அந்தத் தந்திரம் போகவில்லை. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனாருக்கு உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்தும், கீழே இருந்த மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் வேண்டும் என்றார். சரி, சகோதரர் வந்து நின்றார். அவரும் அவர் சொத்தும் வேறு மாவட்டம் என்று தள்ளிவிட்டார்கள்! தினக்கூலிக்குச் செங்கல் அடுக்குகிற ஆள் எங்கே போவார்? 1978-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர்தான் 1,000 ரூபாய் சொந்தப் பிணையில், அதாவது ஜாமீன்தாரர் இல்லாமல் அவரே எழுதிக் கொடுக்கும் உறுதியில், அவரை விடச் சொன்னார்.

ஜாமீனில் விடத்தக்க குற்றம் என்றால், ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரர் கொண்டுவர முடியாதவரை ஏழை என்றே கருதிச் சொந்தப் பிணையில் விட வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு வந்த 2005 திருத்தம் சொன்னது, அதற்குப் பதிலாக வந்த இன்றைய சட்டத்திலும் அது இருக்கிறது. உள்ளே இருக்கிற எத்தனை பேருக்கு இது தெரியும்? ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் சிறையிலேயே கிடப்பவர்களைப் பற்றி ஒரு நாளாவது முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்